ஐந்தாம் பக்கத் தகடு

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வேலி அல்ல. வேலித் தூணில் கட்டியிருந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியும், அதன் மூடியில் வினாடிக்கு ஒரு தரம் மினுங்கிய சிவப்பு விளக்கும்தான். வேலி அதற்குப் பின்னால் பனிக்குள் நின்றது. கம்பி தெரியவில்லை.

மாத்தளை மாவட்டத்தில் லக்கலைப் பக்கத்தில் ஒரு வயல் கிராமம் அது. யானைக்காகப் போட்ட மின்வேலி பதினொரு கிலோமீற்றர் ஓடுகிறது. அங்கே போய்வர பஸ் குறைவு என்பதால் முதல் நாள் மாலையே என் காரில் தங்கையும் நானும் வந்து, வேலியைப் பார்த்துக்கொள்ளும் விவசாயச் சங்கத்தின் செயலாளர் வீட்டில் தங்கியிருந்தோம்; அவர் வீடு திரும்பியது நாங்கள் படுத்த பிறகு. பெட்டி என் தங்கையுடையது. அதற்குள் இருக்கும் சிப் கடையில் வாங்கியது. அந்தச் சிப்புக்குள் எழுதியிருக்கும் மின்சுற்று அவளுடையது.

அவள் மூடியைத் திறந்தாள். சிறிய திரையில் 3.46 என்று இருந்தது.

"அண்ணே, எழுதிக்கங்க. மூணு புள்ளி நாலு ஆறு."

நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

அந்த எண்ணுக்குப் பொருள், இந்த இடத்திலிருந்து 3.46 கிலோமீற்றர் தள்ளி வேலியில் ஏதோ கோளாறு என்பது. அதுவரை அந்தக் கிராமத்தில் வேலி செத்துப்போனால் இரண்டு பேர் காலையில் பதினொரு கிலோமீற்றரும் நடந்து தேடுவார்கள். நடந்து முடிவதற்குள் யானை அதே இடத்தால் வந்து போயிருக்கும்.

செயலாளர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மீற்றரில் மூன்றரை ஆகும் நேரத்தில் அவர் நிறுத்தினார். ஒரு பாலை மரக்கொப்பு கம்பியின் மேல் விழுந்து அதை மண்வரை அழுத்திக் கிடந்தது. வேலித் தூண்கள் பத்து மீற்றருக்கு ஒன்று. பெட்டி சொன்ன இடத்துக்கும் கொப்பு கிடந்த இடத்துக்கும் இடையில் இரண்டு தூண்கள். நான் திரும்பவும் எண்ணினேன். இரண்டேதான்.

செயலாளர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "மிஸ்ஸுக்கு நல்ல தலை." பிறகு என்னைப் பார்த்து, மரியாதையாகவே, கேட்டார்: "நீங்க மிஸ்ஸோட டிரைவரா?"

"அண்ணன்," என்றேன்.

"ஆ, அப்ப டிரைவர் அண்ணன்," என்று சிரித்தார். திரும்பும்போது வழியில் சந்தித்த இரண்டு பேரிடமும் அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்.

இருபத்திரண்டு வருடமாக மாத்தளையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் கொழும்பில் அதே பத்திரிகையின் ஆசிரியர் பீடத்தில் இருந்தேன். அதற்கும் முன் உயர்தரப் பரீட்சைக்குக் கணிதப் பிரிவில் படித்தேன். பெறுபேறு வந்தபோது பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே இருந்தேன். எவ்வளவு கீழே என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டியதில்லை.

தங்கை எனக்கு ஆறு வயது இளையவள். அவளும் கணிதப் பிரிவில் படித்தாள். என் குறிப்புப் புத்தகங்களில்தான் படித்தாள். நான் சிவப்பு மையில் கோடிட்ட இடங்களுக்குப் பக்கத்தில் அவள் பென்சிலால் சிறியதாக எழுதியிருந்தாள். சில இடங்களில் நான் பிழையாகப் போட்ட கணக்கைத் திருத்தியும் இருந்தாள். அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அந்தப் புத்தகங்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவள் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்காக மாத்தளை டவுனில் தன் வீட்டு முன்னறையில் இருந்தபடி வேலை செய்கிறாள். சிப்புக்குள் சுற்று எழுதுவது அவள் தொழில். அது என்ன என்று எங்கள் அப்பாவுக்கு அவள் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். அப்பா தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா என்ற சிறு அறைகள் கட்டிய லயத்தில் வாழ்ந்துவிட்டு, இப்போது அவளோடு இருக்கிறார்.

"சாதாரண சிப் நம்ம லயம் மாதிரிப்பா. கட்டினது கட்டினதுதான். பத்துக் காம்பரான்னா பத்துக் காம்பராதான். இது அப்படி இல்ல. செவர நகத்தலாம். காலையில பத்துக் காம்பரா, பகலைக்கு ஒரே மண்டபம், பின்னேரம் குசினி."

"தொரைகிட்ட கேக்காமலா?"

"கேக்காமலேதான்."

"அப்ப நல்ல சாமான்தான்," என்றார் அப்பா.

மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களிடம் அவர், "மக செவர நகத்துற சிப் செய்யிது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த என்னைக் காட்டி, "இவன் பேப்பர்ல எழுதுறான்," என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை.

அவளுடைய கண்டுபிடிப்பை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஏறத்தாழ வினாடிக்கு ஒரு தரம் ஒரு துடிப்பு போகும். கம்பியில் கோளாறு இருந்தால் அந்தத் துடிப்பின் ஒரு பகுதி அங்கே முட்டித் திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். இது பழைய விஷயம். ஆனால் கம்பி அறுந்தால் ஒரு மாதிரி எதிரொலி, ஈரப்புல் பட்டால் இன்னொரு மாதிரி, கொப்பு விழுந்தால் வேறு மாதிரி. ஒவ்வொன்றையும் பிரித்தறிய வெவ்வேறு சுற்று வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்கப் பெரிய சிப் வேண்டும். பெரிய சிப்பைக் காட்டோரத்தில் சிறிய சூரியத் தகட்டையும் பற்றரியையும் நம்பி ஓட்ட முடியாது.

அவள் சிறிய சிப்பை எடுத்தாள். அதில் ஒரு பாதியை நிலையாக வைத்தாள். மற்றப் பாதி, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலுள்ள அந்த ஒரு வினாடிக்குள், தன்னைத்தானே அழித்து வேறொரு சுற்றாக எழுதிக்கொள்ளும். எந்தச் சுற்றாக மாற வேண்டும் என்பதைத் திரும்பி வந்த எதிரொலியே தீர்மானிக்கும்.

இதைக் கேட்ட அன்று எனக்குள் முதலில் வந்தது வியப்பு அல்ல. இது நான் சொன்னது என்ற எண்ணம்தான் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாட்டின்போது, கொழும்பில் பத்திரிகை அச்சாகும் விதத்தை அவளுக்குச் சொல்லியிருந்தேன். நாடு முழுவதற்கும் ஒரே பத்திரிகைதான். மலையகத்துக்குப் போகும் பிரதிகளில் மட்டும் ஐந்தாம் பக்கம் வேறு. மற்றப் பகுதிகளுக்கான பிரதிகள் ஓடி முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, ஐந்தாம் பக்கத் தகட்டை மட்டும் கழற்றி, மலையகச் செய்திகள் உள்ள தகட்டை மாட்டுவார்கள். மற்றத் தகடுகள் அப்படியே இருக்கும்.

"எந்தத் தகடு போடணும்னு யாரு முடிவு பண்றது?" என்று கேட்டாள்.

"ஆசிரியர் பீடம்."

"பேப்பரே முடிவு பண்ணினா?"

நான் சிரித்தேன். "பேப்பரே முடிவு பண்ணினா நாங்க எதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். அந்தக் கை அசையாமல் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய கேள்வியை மட்டும் நான் வெகுநாள் மறந்திருந்தேன். பிற்பாடு பல மாதங்கள் நான் நினைத்துக்கொண்டிருந்தது தகட்டை மட்டும்தான். தகடு என்னுடையது.

லக்கலையிலிருந்து வந்த பத்தாம் நாள், அவளுடைய முன்னறையில், கணினித் திரையில் ஆக்கவுரிமை முகவர் தோன்றினார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைத் தன் பெயரில் பதிந்து, மற்றவர்கள் அனுமதியில்லாமல் செய்யாதபடி உரிமை பெறுவதுதான் ஆக்கவுரிமை. அதற்கான விண்ணப்பத்தைத் தயாரித்துத் தருபவர் இவர். கொழும்பில் இருக்கும், ஐம்பது வயது மதிக்கத்தக்க, வேகமாகப் பேசும் பெண்மணி. என்னையும் உட்காரச் சொன்னவள் தங்கை. அவள் சொன்ன காரணம், "அண்ணன் கேள்வி கேட்டா ஒழுங்கா வெளங்கும்."

அன்று தெரிந்தது இவ்வளவு. வெளிநாட்டில் மின்வேலிக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம் இந்த முறையைப் பார்த்து விரும்பியிருக்கிறது. தங்கள் நாட்டிலும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம் போட்டால் அவளோடு ஒப்பந்தம் செய்யத் தயார். ஒப்பந்தம் கிடைத்தால் அவள் கொழும்பு நிறுவனத்தை விட்டுவிட்டு மாத்தளையிலேயே ஒரு சிப் வடிவமைப்புக் கூடம் தொடங்குவாள். நான்கு பேரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று பட்டியலே வைத்திருந்தாள். நான்கு பேரும் தோட்டப் பாடசாலைகளில் படித்துப் பட்டம் எடுத்துவிட்டுக் கொழும்பில் வேறு ஏதோ வேலை செய்கிறவர்கள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கண்டுபிடிச்சவங்க பேருன்னு போடுறதுக்கு என்ன விதி மேடம்?"

"யாரு யோசிச்சாங்களோ அவங்க பேரு. டீ போட்டுக் குடுத்தவங்க, முதுகுல தட்டிக் குடுத்தவங்க பேரெல்லாம் போடுறதில்ல சார்."

தங்கை சிரித்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், தகடு மாத்துற கத அண்ணன் சொன்னதுதான்."

கதையைக் கேட்டுவிட்டு முகவர் தலையை ஆட்டினார். "நல்ல உதாரணம். ஆனா ஒரு பகுதிய மட்டும் மாத்தி எழுதுறது இந்தத் துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சிப் செய்றவங்களே அந்த வசதியோடதான் விக்கிறாங்க. நாம அதுக்கு உரிமை கேக்கல. எதிரொலி தானே தெரிவு செய்யிதில்லையா, அதுக்குத்தான் கேக்குறோம். உதாரணம் சொன்னவருக்கு நன்றி சொல்லலாம், போதும்."

"நன்றி அண்ணே," என்றாள் தங்கை, என் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி. விளையாட்டாகத்தான்.

நானும் கும்பிட்டேன்.

"இன்னொண்ணு," என்றார் முகவர். "விண்ணப்பம் போற வரைக்கும் இது எப்படி வேலை செய்யிதுன்னு எங்கயும் ஒரு வரி வரக் கூடாது. பேப்பர்ல வந்தா அது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம் ஆயிரும். அந்த நாட்டுக்காரன் புதுசு இல்லன்னு சொல்லித் தள்ளிருவான். நீங்க பத்திரிகைக்காரர். அதான் ஒங்க முகத்தப் பார்த்துச் சொல்றேன்."

"வெளங்குது மேடம்," என்றேன். குறிப்புப் புத்தகத்திலும் எழுதினேன். திகதியும் நேரமும் இட்டேன்.

அவர் திரையிலிருந்து போனதும் தங்கை சொன்னாள்: "விண்ணப்பம் போட்ட வாரமே செய்தி வரணும் அண்ணே. மொதல்ல நம்ம பேப்பர்லதான். நீங்கதான் எழுதணும்."

எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய மிகத் தெளிவான கட்டுரை அதுதான். பிற்பாடுதான் வெளிவரும் என்பதால் அவள் எதையும் மறைக்கவில்லை. துடிப்பு, எதிரொலி, பாதி சிப், எது எதைத் தெரிவு செய்கிறது, எந்த ஒழுங்கில் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு படமும் வரைந்து தந்தாள். வேறு எந்தக் கட்டுரையிலும் 'எப்படி' என்ற கேள்விக்கு இவ்வளவு முழுமையாக நான் பதில் எழுதியதில்லை. அவள் இரண்டு தடவை வாசித்து, ஒரு சொல்லைத் திருத்தினாள். அந்த ஒரு சொல் திருத்தமும் சரியாகவே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விண்ணப்பம் அடுத்த புதன்கிழமை போக இருந்தது; கட்டுரை அதற்குப் பிறகு வரும் ஞாயிறு இணைப்புக்கு. ஞாயிறு இணைப்பில் வர வேண்டிய பெரிய கட்டுரைகளை முந்திய வாரம் வியாழனே அனுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் பீடத்தின் வழக்கம். உடனே போடக் கூடாத செய்தியானால், தலைப்புக்கு மேலே தனி வரியாக, இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறியிட்டு, இன்ன திகதிக்கு முன் வெளியிட வேண்டாம் என்று எழுத வேண்டும். அந்த வரி இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். இல்லாவிட்டால் இடம் இருக்கும் நாளில் போட்டுவிடுவார்கள். யாரும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வியாழன் மாலை நான்கு நாற்பதுக்கு அந்த வரியை எழுதினேன். நட்சத்திரங்கள், திகதி, எல்லாம் சரி. அன்று காலையில்தான் இணைப்பின் பொறுப்பாளர் வேறு விஷயமாகத் தொலைபேசியில் அழைத்தபோது, வரும் ஞாயிறு ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, எழுதுவதாகச் சொன்னவர் கைவிட்டுவிட்டார் என்று குறைப்பட்டிருந்தார். அது எனக்கு நினைவிருந்தது.

கட்டுரையை மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்தேன். அதில் அவள் பெயர் ஏழு இடத்தில் வந்தது. என் பெயர் ஒரு இடத்தில், தலைப்பின் கீழே, கட்டுரையாளராக. பிறகு மேலே போய் அந்த வரியை அழித்தேன். நான்கு நாற்பத்தேழுக்கு அனுப்பினேன்.

போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாத்தளை பஸ் நிலையத்தில் பத்திரிகையை வாங்கினேன். இணைப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவள் வரைந்த படம் பெரிதாக, அம்புக்குறிகளோடு. இணையத்தளத்திலும் இருந்தது. பத்திரிகை விற்பவர் சில்லறை எண்ணியபடியே சொன்னார்: "நம்ம டவுன் புள்ளயா சேர்? சிங்கம். எழுதினது நீங்களா? நீங்களும் சிங்கம்தான், சின்னச் சிங்கம்."

ஏழு மணி ஐந்துக்கு அவள் அழைத்தாள்.

"அண்ணே, பேப்பர் பாத்தீங்களா?"

"இல்லயே."

"வந்திருச்சு. படத்தோட வந்திருச்சு."

"இந்த வாரமா? டெஸ்க்ல எங்கயோ தவறிருச்சு போல."

"அந்த வரி போட்டீங்கதானே?"

"போட்டேன்."

சொன்னது பொய்யல்ல என்று அந்த நேரத்தில் நினைத்தேன். போட்டேன்தான்.

திங்கட்கிழமை விடிந்ததுமே முகவர் இலங்கை விண்ணப்பத்தைப் போட்டுவிட்டார். செவ்வாய் பின்னேரம் மறுபடி திரையில் வந்தார். இந்த முறை வேகமாகப் பேசவில்லை. இலங்கையில் பயமில்லை, இப்படி முன்கூட்டி வெளிவந்துவிட்டாலும் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பொறுத்துக்கொள்வார்கள் என்றார். வெளிநாட்டு நிறுவனம் இருக்கும் நாட்டில் அப்படி இல்லை. உலகத்தில் எங்கே, எந்த மொழியில் வந்திருந்தாலும் வந்ததுதான்.

"ஒரு வழியும் இல்லியா மேடம்?" என்று தங்கை கேட்டாள். மடியில் அந்த நான்கு பேர் பட்டியல் இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"ஒண்ணு இருக்கு. சின்ன வழி. நம்பி ஒப்படைச்ச விஷயத்த ஒருத்தர், வெளியிடக் கூடாதுன்னு தெரிஞ்சும், ஒங்களுக்குப் பாதிப்பு வரும்னு தெரிஞ்சும், வேணும்னே வெளியிட்டிருந்தா, ஆறு மாசத்துக்குள்ள அங்க விண்ணப்பம் போட்டா அந்த வெளியீட்டக் கணக்குல எடுக்க மாட்டாங்க. ஆனா அத நிரூபிக்கணும். செஞ்சவரே சத்தியக்கடதாசி முடிச்சுக் குடுத்தா நல்லது. மறந்துட்டேன், கை தவறிப் போச்சுன்னா பிரயோசனம் இல்ல. கவனக்குறைவு வேற, நம்பிக்கைத் துரோகம் வேற."

"டெஸ்க்ல யாரு செஞ்சதுன்னு அண்ணன் விசாரிப்பார்," என்றாள் தங்கை.

"விசாரிங்க. ஆனா யாரு ஒத்துக்குவாங்க?" என்றார் முகவர்.

திரை அணைந்தது. தங்கை தொலைபேசியை எடுத்து, "அந்த இணைப்புப் பொறுப்பாளர் நம்பர் சொல்லுங்கண்ணே, நானே கேக்குறேன். அவரு ஒங்க மேல கோவமா? ஏதும் சண்டையா?" என்றாள்.

அவர் பன்னிரண்டு வருடமாக என் பிரதிகளைத் திருத்துகிறவர். என்னோடு ஒரு சண்டையும் இல்லை.

"அவருகிட்டக் கேக்க வேணாம்," என்றேன். "அந்த வரி போகல."

"மறந்துட்டீங்களா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று தெரிந்தது. கொஞ்ச நாள் பேசாமல் இருப்பாள், பிறகு மன்னித்துவிடுவாள். ஒப்பந்தம் மட்டும் போய்விடும். மேசையில் இருந்த சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அதை மாட்ட ஆணி அடித்துத் தருவதாக நான் சொல்லி இரண்டு மாதம் இருக்கும். மணி நான்கு இருபது.

"இல்ல. போட்டுட்டு எடுத்துட்டேன்."

அவள் தொலைபேசியை மேசையில் வைத்தாள். திரை கீழே இருக்கும்படி வைத்தாள்.

"ஏன்?"

"பொறாம."

"எவ்வளவு நாளா?"

"பெறுபேறு வந்த நாள்லேருந்து."

"ஒங்க பெறுபேறா, என்னோடதா?"

"ஒன்னோடது."

பின்புறத்தில் அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். தங்கை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்தத் தகடு கதைக்காகத்தானே?" என்றாள். "ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. எம் பேரப் போடுன்னு கேட்டிருக்கலாமே. மேடம் முடியாதுன்னு சொல்லியிருப்பாங்க. அப்பவும் நான் ஒங்களுக்காகச் சண்ட போட்டிருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பினேன்.

"இத அப்படியே எழுதுவீங்களா?"

"எழுதுறேன்."

"அலங்காரம் இல்லாம?"

"எனக்கு அலங்காரம் எழுத வராது. ஒனக்குத் தெரியும்."

அவள் சிரிக்கப்போனவள் மாதிரி உதட்டை அசைத்தாள். சிரிக்கவில்லை.

சத்தியக்கடதாசியில், இப்படியான பத்திரங்களை உறுதிப்படுத்த அரசு நியமித்த ஒரு சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிட வேண்டும். எனக்குத் தெரிந்த சமாதான நீதவான் டவுனில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். பிறப்புப் பதிவு, காணி, வீசா என்று எதற்கும் எங்கள் ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். வியாழன் காலை பத்தரைக்குப் போனேன். கிராம்பு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறிய மேசை, அதன் மேல் இறப்பர் முத்திரை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி வந்தார்.

"தம்பி, இத நீங்களே எழுதினதா? யாரும் வற்புறுத்தினா செல்லுங்க."

"இல்ல ஹாஜியார். நானேதான்."

"பொறாமையினால்னு ஈக்குது. இது வேணுமா? வேணும்னே செஞ்சேன்னு போட்டாப் போதாதா?"

"காரணம் இருந்தாத்தான் வேணும்னே செஞ்சதுன்னு நம்புவாங்களாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் ஒரு தம்பி ஈக்கிறான். அடுத்த தெருவுலதான் கடை. அவன்ட கடைக்கு முன்னால லொறி நின்டா நான் டயர எண்ணுவேன். எத்தன டயரோ அத்தன மூட்டைன்டு ஒரு கணக்கு." முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார். "நான் இந்த மாதிரிக் கடதாசி எழுதுறதுன்டா எனக்கு ஒரு ரீம் வேணும் தம்பி. சரி, நில்லுங்க. எழும்பி நின்டு செல்லணும்."

எழுந்து நின்று, எழுதியிருப்பவை உண்மை என்று உறுதியுரைத்தேன். கடைக்கு மிளகு கொண்டுவந்த ஒருவர் வாசலில் காத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையொப்பம் வைத்தேன். ஹாஜியார் முத்திரை குத்தித் திகதி இட்டார்.

கடதாசியில் ஐந்து பந்திகள். முதல் பந்தியில் நான் யார் என்பது. இரண்டாவதில் முகவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. குறிப்புப் புத்தகத்தில் திகதியும் நேரமும் இருந்ததால் அதைச் சரியாக எழுத முடிந்தது. மூன்றாவதில் வியாழன் நான்கு நாற்பதிலிருந்து நான்கு நாற்பத்தேழு வரை. நான்காவதில் காரணம். ஐந்தாவதில், இணைப்பின் பொறுப்பாளருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பது. அதன் பிரதி ஒன்றை அவருக்கும் அனுப்பினேன். அவர் 'கிடைத்தது' என்று மட்டும் பதில் போட்டார். அதற்குப் பிறகு என்னிடம் ஞாயிறு இணைப்புக்கு எதுவும் கேட்கவில்லை.

மூலப் பிரதியைத் தங்கையின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே நின்று வாசித்தாள். நான்காம் பந்திக்கு வந்தபோது விரலை அந்த வரியின் கீழே வைத்து, மெதுவாக நகர்த்தி வாசித்தாள். என் குறிப்புப் புத்தகங்களை வாசிக்கும்போதும் அப்படித்தான் விரல் வைப்பாள்.

"எழுத்துப்பிழை இல்ல," என்றாள்.

"பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள். அப்பா உள்ளே இருந்து, "யாரு, பேப்பர்காரனா?" என்று கேட்டார். டீ குடித்தேன். அவள் முன்னறைக்குள் போய்விட்டாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளிநாட்டு விண்ணப்பம் அந்தக் கடதாசியோடு போயிருக்கிறது. ஏற்பார்களா என்று இன்னும் பதில் வரவில்லை. முகவர் சொல்வது, பாதிக்குப் பாதி.

கடதாசி கொடுத்ததற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லக்கலையில் பெட்டியின் பற்றரியை மாற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை நான் காரைக் கழுவி, எண்ணெய், தண்ணீர் பார்த்து வைத்திருந்தேன். தங்கை காலை முதல் பஸ்ஸில் போனாள்.